இடிக்கும் முன் அளந்து வையுங்கள்!

ஒரு வீட்டைக் கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகிறது. அதை இடிக்க எத்தனை நாள் ஆகும்?

முன்பெல்லாம் ஒரு வாரம் ஆகும். இப்போது ஒரே நாள் போதும். காலையில் ஜே.சி.பி. யந்திரம் வந்து நிற்கிறது. மாலையில் பார்த்தால் வெறும் மனை!

நாஞ்சில் நாட்டு ஊர்களில் இது சாதாரணக் காட்சி ஆகிவிட்டது. தெருவைப் பார்த்த படிப்புரை, அதைத் தாண்டினால் பட்டாசல், உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக அரங்கு, நெல் கொட்டி வைக்கும் பத்தாயம், பின்னால் அடுக்களை என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த வீடு ஒரே பகலில் போய்விடுகிறது. செதுக்கு வேலை செய்த கதவும் தூணும் லாரியில் ஏறுகின்றன. பழைய மரச் சாமான் வாங்கும் வியாபாரி விலை கொடுத்து எடுத்துப் போகிறார். மிஞ்சிய ஓடும் கல்லும் பள்ளம் நிரப்பப் போகின்றன.

பத்து வருடம் கழித்து அந்த வீட்டுப் பேரப்பிள்ளையைக் கேட்டால், "எங்கள் தாத்தா வீடு பெரிய வீடு" என்பான். எவ்வளவு பெரிது? எத்தனை தூண்? கூரையை எது தாங்கி நின்றது? அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

குறை சொல்ல முடியாது

இடிப்பவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது நியாயம் அல்ல.

பழைய வீட்டின் கஷ்டம் அதில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் கிடைப்பது இல்லை. கறையானோடு ஓயாத சண்டை. அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரே வீடு. பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு தூண்தான் மிஞ்சும். நடக்க முடியாத தாயாருக்குப் பக்கத்திலேயே குளியலறை வேண்டும். பழைய வீட்டில் அதற்கு இடம் இராது.

ஆகவே, அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு, "இடிக்காதே" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஒன்று சொல்லலாம். இடிக்கும் முன் அளந்து வையுங்கள்!

அளப்பதற்குச் செலவு இல்லை. அதற்கு ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டிடக் கலை படிக்கும் மாணவ மாணவிகள்.

மூன்று கேள்விகள்

கட்டிடக் கலைப் பட்டப் படிப்பு ஐந்து வருடம். புது வீட்டுக்குப் படம் போடுவது மட்டும் அல்ல அந்தப் படிப்பு. பழைய கட்டிடத்தை ஆராய்வதும் அதில் உண்டு. அந்த ஆராய்ச்சி மூன்று கேள்விகளில் அடங்கும்.

இதை யார், எப்போது கட்டினார்கள்? இது வரலாறு.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? இது சாஸ்திரம்.

இதை எப்படிக் கெடாமல் காப்பது? இது பராமரிப்பு.

தமிழ் நாட்டில் இதற்கான கல்விக்கு 1957-ஆம் ஆண்டு முக்கியமானது. சென்னை கிண்டியில் கட்டிடக் கலைப் படிப்பு தொடங்கியது அந்த வருடம்தான். மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தொடங்கியதும் அதே வருடம்தான். முதலாவது புது முறை. இரண்டாவது நம் ஸ்தபதிகளின் பழைய முறை. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்ட அந்தச் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

பழைய கட்டிடத்தை அளக்க மாணவர்கள் எப்படி வருவார்கள்? கையில் டேப். தூக்குக்குண்டு. மட்டம் பார்க்கத் தண்ணீர்க் குழாய். ஒரு நோட்டு. ஓர் அறையின் நீள அகலத்தை அளந்தால் மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சரியாக இருந்தால் அறை சதுரமாக நிற்கிறது. வித்தியாசம் வந்தால், கட்டும்போதே கோணலா, பிறகு சுவர் நகர்ந்ததா என்று பார்க்க வேண்டும். தூக்குக்குண்டை விட்டால் சுவர் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும். இப்போது ஒளிக்கதிரால் அளக்கும் கருவியும் வந்துவிட்டது. ஆனாலும் குனிந்து, தொட்டு, அளந்து பார்த்த பிள்ளைக்குத் தெரிவது கருவிக்குத் தெரியாது.

"ஓட்டை எண்ணி என்ன செய்யப் போறிய, மக்களே?" என்று பாட்டிமார் சிரிப்பது உண்டு. அதற்குப் பதில் சொல்ல, தக்கலை அருகே இருக்கும் ஓர் அரண்மனைக்குப் போக வேண்டும்.

கதை வேறு, கணக்கு வேறு

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் குமரி மாவட்டத்தில் குறைவு. 1601-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய கட்டிடம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக விரிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தமிழ் நாட்டோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனையைக் கேரள அரசாங்கத்தின் தொல்பொருள் இலாகாவே இன்றும் பராமரித்து வருகிறது. 2014-ஆம் ஆண்டில், உலகப் பாரம்பரியச் சின்னமாக்க உத்தேசிக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் அது ஏறியது.

உள்ளே போனதும் எல்லோரும் தரையைப் பார்த்து அதிசயிப்பார்கள். கறுப்புத் தரை. கண்ணாடி போல் முகம் தெரியும். "சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்டது" என்று வழி காட்டுபவர் சொல்லுவார். கேட்டவர்கள், "அடேயப்பா!" என்று அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

ஆராய்ச்சி மாணவி அப்படிப் போக மாட்டாள். அங்கேயே நிற்பாள். எது எத்தனை பங்கு? சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைத்தார்கள்? எதைக் கொண்டு தேய்த்தார்கள்? எத்தனை நாள் தேய்த்தார்கள்? தரையின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டால் அதே மாதிரி போட்டுத் தர இன்று யாரால் முடியும்?

கதை கேட்பதற்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கதையால் தரையைச் சரி செய்ய முடியாது. கணக்கால் முடியும்.

இரண்டு மழை தாங்கிய கூரை

அந்த அரண்மனைக்கு வேறொரு பெருமையும் உண்டு. அதில் பெரும்பாலும் மர வேலை. மரத்துக்கு எதிரி தண்ணீர். குமரி மாவட்டத்திலோ வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவ மழையும் உண்டு. வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான வருடங்கள் மரக் கட்டிடம் நிற்கிறது. எப்படி?

கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கிறது. விழுந்த மழை தங்காமல் ஓடிவிடும். கூரையின் ஓரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாரல் சுவரில் படாது. வெயிலும் படாது. ஜன்னல்களில் மரச் சட்டங்கள் நெருக்கமாக இருக்கின்றன. வெளிச்சம் வடிந்து வருகிறது. காற்று மட்டும் தடையில்லாமல் போய் வருகிறது. மரம் நனைந்தாலும் உலர்ந்துவிடும். உலர்கின்ற மரம் எளிதில் அழுகாது.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளிலும் இதே யுக்திதான். அரண்மனையில் பெரிய அளவு. வீட்டில் சின்ன அளவு. அரண்மனையைக் காக்க அரசாங்கம் இருக்கிறது. சின்ன வீட்டைக் காக்க யார் இருக்கிறார்கள்?

தெரியாமல் செய்யும் பழுது வேலையும் வீட்டைக் கெடுக்கிறது. பழைய சுவர் சுண்ணாம்பால் பூசியது. சுண்ணாம்புப் பூச்சு, சுவருக்குள் ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். பலமாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்டு பூசினால், ஈரம் உள்ளேயே அடைபடும். பூச்சு உப்பிக்கொண்டு உதிரும். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி அழுகும். "பழைய வீடு, தாங்கவில்லை" என்று பிறகு இடிப்பார்கள். உண்மையில் வீட்டைக் கெடுத்தது வயது அல்ல, தவறான வைத்தியம்!

நோயாளிக்கு மருந்து கொடுக்கும் முன் டாக்டர் நாடி பிடித்துப் பார்க்கிறார் அல்லவா? கட்டிடத்துக்கும் அப்படித்தான். முதலில் அளவு. பிறகுதான் பழுது வேலை.

கோல் கணக்கு

அளக்கும்போது இன்னொரு உண்மையும் தெரியவரும். ஓர் அறை சுமார் 9 அடி 5 அங்குலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது என்ன அரைகுறைக் கணக்கு என்று தோன்றும். ஆனால் பழைய ஆசாரிமார் அடிக்கணக்கில் கட்டவில்லை. அவர்கள் கையில் இருந்தது முழக்கோல். மலையாள நாட்டு வழக்கில் ஒரு கோலுக்கு 24 விரல். இன்றைய கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். அந்தக் கோலை வைத்துப் பார்த்தால், அந்த அறை சரியாக 4 கோல்! அரைகுறை மறைந்து முழுக் கணக்கு வந்துவிடுகிறது.

வீடு கட்டுவதற்கென்றே 16-ஆம் நூற்றாண்டில் சேர நாட்டில் எழுதப்பட்ட நூல் 'மனுஷ்யாலய சந்திரிகை'. வாசல் எங்கே, முற்றம் எவ்வளவு, சுற்றளவு எத்தனை கோல் என்றெல்லாம் முறை சொல்லும் நூல் அது. நூலைப் படிப்பது பாதி. அந்த முறைப்படிதான் இந்த ஊர் வீடுகள் கட்டப்பட்டனவா என்று அளந்து பார்ப்பது மறு பாதி. வீடுகளே இல்லாமல் போனால் எதை அளப்பது?

இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் வயதான ஆசாரிமார் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு பூட்டும் வித்தை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஆனால் பட்டம் பெறப் போகிற பிள்ளைகளுக்கு அவர்கள்தான் வாத்தியார். அவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளாத ஆராய்ச்சி முழு ஆராய்ச்சி ஆகாது.

சுசீந்திரத்தை எழுதியவர்

ஒருவருடைய உழைப்பு ஒரு கட்டிடத்துக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு, நாஞ்சில் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரம் 134 அடி உயரம். அடித்தளத்துக் கல் வேலை 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கோபுரம் முடிந்ததோ 1888-ஆம் ஆண்டில். நடுவே 300 வருடத்துக்கும் மேல்! தட்டினால் ஸ்வரம் சொல்லும் கல் தூண்களும் அங்கே உண்டு.

இந்தக் கோயிலைத் தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த டாக்டர் கே. கே. பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.லிட். பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி அது. கல்வெட்டுகளையும் பழைய ஆவணங்களையும் தேடிப் படித்தார். கோயில் எப்படி வளர்ந்தது, யார் நிர்வாகம் செய்தார்கள், என்ன விழாக்கள் நடந்தன என்று எழுதினார். 1953-ஆம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது. சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கே பிற்காலத்தில் அவர் தலைவரானார். சுசீந்திரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தை இன்றும் தேடிப் போகிறார்கள்.

தம் ஊர்ப் பக்கத்துக் கோயிலை ஒருவர் கண் கொண்டு பார்த்தார். உலகம் முழுவதும் அதைப் படித்தது. வாசலில் இருக்கும் பொருளை ஆராயக் கப்பல் ஏறிப் போக வேண்டியது இல்லை.

வார்சா நகரத்துப் பாடம்

மாணவர்கள் போட்ட படம் ஒரு நகரத்தையே மீட்டுத் தந்த வரலாறும் உண்டு. அது நடந்தது ஐரோப்பாவில், போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னால், அந்த நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டிடக் கலை மாணவர்கள் பழைய தெருக்களில் டேப்பும் பென்சிலுமாகத் திரிந்தார்கள். வீடு வீடாக அளந்து படம் போட்டார்கள். பரீட்சைக்காகச் செய்த வேலைதான். அன்று அதைப் பெரிதாக நினைத்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

யுத்தம் வந்தது. 1944-ஆம் ஆண்டில் வார்சா மக்கள் ஹிட்லரின் படையை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்க, பழைய நகரம் திட்டமிட்டு இடிக்கப்பட்டது. நூற்றுக்கு 85-க்கு மேல் நாசம்! ஆனால் அந்தப் படங்களை ஆசிரியர்கள் காப்பாற்றினார்கள். நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் ஒரு கிறிஸ்தவ மடத்தில் ஒளித்து வைத்தார்கள்.

யுத்தம் முடிந்தது. மறைத்து வைத்த படங்கள் வெளியே வந்தன. அந்த அளவுகளைப் பார்த்துப் பழைய நகரம் திரும்பவும் எழுந்தது. 1980-ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட யுத்தம் இல்லை. ஆனால் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்து குளச்சல் கரையை விழுங்கியதை யாரும் மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் மரங்களைச் சாய்த்துக் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. ஆபத்து நாள் குறித்துவிட்டு வருவது இல்லை. அளவு கையில் இருந்தால், விழுந்ததை மறுபடியும் நிறுத்தலாம். அளவு இல்லாவிட்டால் அழத்தான் முடியும்.

பீரோவில் தூங்கும் படங்கள்

ஆகவே சில காரியங்கள் உடனே நடக்க வேண்டும்.

முதலில், வீட்டுக்காரர்கள். பழைய வீட்டை இடிக்கத் தீர்மானித்தால், பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாணவர்களுக்கு இரண்டு நாள் கதவைத் திறந்து விடுங்கள். மரத்தை விற்பது உங்கள் விருப்பம். அளவை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, கல்லூரிகள். மாணவர் போடும் படங்களுக்கு மார்க்குப் போட்டு, கட்டிப் பீரோவில் வைத்துவிட்டால் யாருக்கு லாபம்? படத்தின் ஒரு பிரதி வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். மற்றொரு பிரதி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நூலகத்துக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிச் சுவரில் ஒரு படம் தொங்க வேண்டும். தம் ஊர் வீட்டின் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை, அந்த மாதிரி வீட்டை இடிக்கக் கொஞ்சம் யோசிக்கும்.

மூன்றாவது, மாணவர்கள். உங்கள் ஆராய்ச்சியை இங்கிலீஷில் எழுதுகிறீர்கள். பட்டத்துக்கு அது தேவையாக இருக்கலாம். கூடவே நாலு பக்கம் தமிழிலும் எழுதுங்கள். உங்களுக்கு மோர் கொடுத்து, பத்தாயத்தைத் திறந்து காட்டிய அந்த வீட்டுப் பாட்டிக்குப் புரியாத ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சிதான். படிப்புரை, பட்டாசல், அரங்கு என்ற சொற்களையும் அப்படியே எழுதி வையுங்கள். வீடு போனால் சொல்லும் போய்விடும்.

நான்காவது, அரசாங்கங்கள். அரண்மனை ஒரு மாநிலத்தின் பொறுப்பில் இருக்கிறது. மண் இன்னொரு மாநிலத்தில் இருக்கிறது. படிக்க வரும் பிள்ளைக்கு அந்த வேற்றுமை தடையாக இருக்கக் கூடாது. கோயிலாக இருந்தாலும் அரண்மனையாக இருந்தாலும், முறையாக அனுமதி கேட்கும் மாணவருக்குச் சீக்கிரம் அனுமதி கிடைக்க வேண்டும். திருப்பணி எதுவும் தொடங்கும் முன், அந்தக் கட்டிடத்தின் அளவுப் படம் கையில் இருக்க வேண்டும்.

95 மாணவர்கள்

முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு விஷ்ணு கோயிலைக் கட்டினான். கோயிலோடு ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் அந்தக் காலத்தில் கல்விச்சாலை. அதில் 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தான். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிகளும் வகுத்தான்.

அந்த மாணவர்கள் தங்கிய சாலைக் கட்டிடம் இன்று இல்லை. அதன் தூண் எத்தனை, கூரை எப்படி என்று சொல்ல யாரும் இல்லை. ஆனால் 95 பேர் படித்தார்கள் என்பது மட்டும் 1,150 வருடத்துக்குப் பிறகும் தெரிகிறது. ஏன்? அரசன் அதைச் செப்பேட்டில் எழுதி வைத்தான். அதனால் தெரிகிறது.

எழுதியது நின்றது. எழுதாதது போயிற்று.

இன்றைய வீடுகளுக்குச் செப்பேடு வேண்டியது இல்லை. ஒரு டேப்பும், ஒரு நோட்டும், இரண்டு நாள் பொறுமையும் போதும். ஓட்டை எண்ணி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கும் பாட்டிக்கு இதுதான் பதில்: "பாட்டி, உங்கள் வீடு இப்படி இருந்தது என்று உங்கள் பேரனின் பேரனுக்குச் சொல்லப் போகிறோம்."

பிள்ளைகள் டேப்போடு வந்து கதவைத் தட்டினால், உள்ளே கூப்பிடுங்கள்!